பள்ளியாடியில் வண்டி நின்ற கதையை யார் எழுதுவது?

குமரி மாவட்டத்துக்கு ரயில் வந்த வரலாற்றை யார் எழுதினாலும் இரண்டு தேதிகளில் முடித்துவிடுகிறார்கள். 1972 செப்டம்பர் 6 அன்று இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1979 ஏப்ரல் 15 அன்று திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி பாதை திறக்கப்பட்டது. கூடவே ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம், கீழே நூற்றுக்கணக்கில் லைக். இடையில் இருந்த ஆறேழு வருஷத்தில் யாருடைய தோட்ட விளை போனது, எந்தக் குளம் துண்டானது, யார் மண் சுமந்தார்கள் என்று ஒரு வரிகூட இருக்காது. எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் பள்ளியாடி. குழித்துறைக்கும் இரணியலுக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஸ்டேஷன். எக்ஸ்பிரஸில் போகிறவர்கள் பெயர்ப்பலகையை வாசித்து முடிப்பதற்குள் தாண்டிவிடும். ஆனால் ஊர் சின்னதில்லை. குமரித் தந்தை மார்ஷல் நேசமணி 1895-ல் பிறந்தது இங்கேதான். பழைய பள்ளி அப்பா திருத்தலத்தில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று எல்லாரும் வந்து விளக்கு வைத்துக் கும்பிடுவார்கள். வருஷா வருஷம் சமபந்தி விருந்தில் பக்கத்து இலையில் யார் என்று யாரும் பார்ப்பதில்லை. இத்தனையும் உள்ள ஊருக்கு ரயில் எப்படி வந்தது என்பதை நாலு பக்கம் எழுதி வைக்க ஆளில்லை என்றால் அது ஊரின் குறை, நம்முடைய குறை.

முதலில் காத்திருந்த காலத்தைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக்கு ரயில் வந்தது 1876-ல். கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தது 1918-ல், நகரத்தின் நடுவில் இப்போதைய சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கும் தம்பானூருக்கு வந்து சேர்ந்தது 1931-ல். கிழக்கே ஒரு ரயில் முனை, வடமேற்கே ஒரு ரயில் முனை, நடுவில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நம்முடைய நாலு தாலுகா. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி 87 கிலோமீட்டர்தான். அந்த 87 கிலோமீட்டரைக் கடக்க ரயிலுக்கு 1918-லிருந்து 61 வருஷம் ஆனது. அதற்கும் முன்னால் 1860-ல் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயும் திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைப்பதற்காக வெட்டப்பட்டதுதான், அதுவும் முழுதாக முடியவில்லை. தென் திருவிதாங்கூர் என்றால் பாதியில் நிறுத்திவிடலாம் என்று ஆண்டவர்களுக்கு ஒரு பழக்கமே இருந்திருக்கிறது. இது என் கருத்து, மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

பிறகு, திருவிதாங்கூரில் இருந்த நம்முடைய தாலுகாக்களைத் தமிழகத்தோடு இணைக்கச் சொல்லி நேசமணி தலைமையில் நடந்த போராட்டம், அதில் 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூடு. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் விழுந்த உயிர்கள் நமக்கு இன்றும் வீட்டுத் துக்கம்தான். 1956 நவம்பர் 1-ல் தாய்த் தமிழகத்தோடு இணைந்தோம். நேசமணி நாகர்கோவில் எம்.பி.யாக இருக்கும்போதே 1968-ல் இறந்தார். அந்த இடைத்தேர்தலில் நின்று 1969-ல் ஜெயித்தவர் காமராஜர். அடிக்கல் நாட்டியபோது நமக்கு எம்.பி. அவர்தான். போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மனிதரின் சொந்த ஊர் வழியாக ரயில் போனது, அவர் கண்ணால் பார்க்கவில்லை. காமராஜரும் 1975-ல் போய்விட்டார். அவரும் பார்க்கவில்லை.

இனி நிலம். என்னைக் கேட்டால் கதையே இங்கேதான் தொடங்குகிறது.

நம்முடைய பக்கம் பூமி எப்படி இருக்கும் என்று தெரியும். ஒரு பொற்றை, அதாவது சின்னக் குன்று, இறங்கினால் ஒரு ஏலா, அதாவது வயல்வெளி, மறுபடி ஒரு பொற்றை. மனிதன் ஏறி இறங்கிப் போய்விடுவான். ரயிலுக்கு அந்த ஏற்றம் ஆகாது. அதனால் பொற்றையை வெட்ட வேண்டும், வெட்டிய செம்மண்ணைக் கொண்டுபோய் ஏலாவில் கொட்டி மேடு கட்ட வேண்டும். வெட்டிய இடத்தில் விளை போகும், கொட்டிய இடத்தில் வயல் போகும். இரண்டு பக்கமும் சரிவு நிற்க வேண்டுமே, அதற்கும் அகலமாக இடம் வேண்டும். தண்டவாளத்துக்கு வேண்டியது சில அடிதான், போன நிலம் அதைப்போலப் பல மடங்கு. அதுவும் எங்கே? நிலத்தை ஏக்கரில் பேசாமல் சென்டில் பேசுகிற மாவட்டத்தில். இருபது சென்ட் வைத்திருந்தவனிடம் பத்து சென்ட் போனால் மிச்சமிருப்பதில் ஒரு வீடு நிற்கும், வீட்டைச் சுற்றி நடக்கலாம். அவ்வளவுதான்.

எங்கள் பாட்டாவின் விளையிலும் ஒரு துண்டு போனது. அதற்கான காகிதம் வீட்டில் இன்னும் இருக்கிறது. ஓரம் பொடிந்து, மடிப்பில் கிழிந்து போன தட்டச்சுப் பிரதி. அதில் மனிதரைப் பற்றி ஒன்றும் இல்லை, மரங்களைப் பற்றித்தான் முழுக்க. தென்னை, காய்ப்பு உள்ளது இத்தனை, காய்ப்பு இல்லாதது இத்தனை. பனை. கமுகு. பிலாவு. கடைசியில் அயனி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. அயனிக்குப் போட்ட தொகையைப் பாட்டா கடைசிவரை மறக்கவில்லை. தடிக்கு மட்டும் விலை போட்டிருக்கிறார்கள், வருஷா வருஷம் பிள்ளைகள் பொறுக்கித் தின்ற அயனிச்சக்கைக்கு விலை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அப்போது இருந்தது 1894-ஆம் வருஷத்து நில எடுப்புச் சட்டம். சந்தை விலைக்கு மேல் 15 சதவீதம் ஆறுதல் தொகை. 1984-ல்தான் அதை 30 ஆக்கினார்கள். சந்தை விலை என்று எதை வைத்தார்கள் என்பதுதான் கேள்வி. பழைய பத்திர விலையைப் பார்த்துப் போட்டால், நம்மூரில் யார் உண்மையான விலையைப் பத்திரத்தில் காட்டினார்கள்? தொகை போதாது என்று கோர்ட்டுக்குப் போக வழி உண்டு. போனவர்களும் உண்டு. வக்கீல் பீஸ் கொடுக்க வழியில்லாமல் வாங்கிய பணத்தோடு நின்றவர்களும் உண்டு. பாட்டா இரண்டாவது கூட்டம்.

பாதை போட்ட பிறகு ஊரின் நடமாட்டமே மாறிப்போயிற்று. கிணறு இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம். கோவிலுக்கும் சர்ச்சுக்கும் குறுக்கே போன ஒற்றையடிப் பாதை மறைந்து, மேட்டுக்கு அடியில் தண்ணீர் போக வைத்த கலுங்கு இருக்கும் இடம் வரை சுற்றிப் போக வேண்டியதாயிற்று. தண்ணீருக்கும் அதே கதை. சரிவில் தன்பாட்டுக்கு இறங்கி ஏலாவுக்குப் போன மழைத்தண்ணீர் மேட்டில் முட்டி நின்றது. கலுங்கு எங்கே வைத்தார்களோ அங்கே உள்ளவனுக்கு வெள்ளம், வைக்காத இடத்தில் உள்ளவனுக்கு வறட்சி. மேட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கிடைக்காத வயல்களில் மரச்சீனிக் கிழங்கு போட்டார்கள், பிறகு வாழை, இப்போது பலதும் வீடு. 2021 நவம்பர் மழையில் குழித்துறை, இரணியல் பக்கம் மண் சரிந்து தண்டவாளத்தில் விழுந்து வண்டிகள் ரத்தானபோது எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஆச்சரியப்படவில்லை. எந்த வெட்டில் ஊற்று இருந்தது, எந்த இடத்தில் மண் நிற்காது என்று அவர்களுக்குத் தெரியும். இதைக் கேட்டு எழுதி வைத்தால் அது வரலாறும் ஆகும், இன்றைக்கு உதவுகிற தகவலும் ஆகும்.

அப்புறம் வண்டி. இங்கே நான் குறை மட்டும் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இந்த ரயிலால் பிழைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். எங்களுடையதும் அதில் ஒன்று. 

காலை பாசஞ்சரில் யார் ஏறுவார்கள் என்று பார்த்தாலே ஊர் தெரியும். கரண்டியும் மட்டப்பலகையும் சாக்குப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு கொத்தனார்கள். திருவனந்தபுரத்தில் படிக்கிற பிள்ளைகள். அங்கே சாலை என்ற கடைத்தெருவில் சரக்கு எடுக்கப் போகிற சின்ன வியாபாரிகள். மெடிக்கல் காலேஜுக்கும் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்கும் போகிறவர்கள், கையில் பெரிய எக்ஸ்ரே கவர் இருக்கும், முகத்தைப் பார்த்தாலே யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், உட்கார இடம் மட்டும் விடுவார்கள். பஸ்ஸில் போனால் ஆகிற செலவில் ஒரு பங்குதான் ரயிலில். வாரா வாரம் கீமோவுக்குப் போக வேண்டிய வீட்டுக்கு அந்த வித்தியாசம் என்னவென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பள்ளியாடி மாதிரி ஹால்ட் ஸ்டேஷன் எப்படி நடக்கும் என்பதே பலருக்குத் தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, சிக்னல் கிடையாது. உள்ளூர் ஆள் ஒருவர் கமிஷனுக்கு டிக்கெட் விற்பார். பெரிய ஸ்டேஷனில் பணம் கட்டி மொத்தமாக டிக்கெட் வாங்கிவந்து இங்கே கொடுப்பார். அந்த நாளில் எல்லாம் அட்டை டிக்கெட். விரல் நீளம், நல்ல கெட்டி அட்டை, வரிசை எண் அச்சடித்திருக்கும். இரும்பு மெஷினில் ஓரத்தைச் செருகி 'டக்'கென்று இழுத்தால் தேதி மையில்லாமல் பள்ளமாகப் பதியும், விரலால் தடவினால் எண் தெரியும். இப்படி டிக்கெட் விற்ற மனிதர்களுக்கு எந்தக் குடும்பத்தில் யார் எங்கே வேலைக்குப் போகிறார், யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அத்துப்படி. ரயில்வேயின் ஊழியர் பட்டியலில் அவர்கள் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. குமரி மாவட்டத்தின் ஹால்ட்களில் டிக்கெட் விற்றவர்களைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரையாவது வந்திருக்க வேண்டாமா?

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றுவது. 1956-ல் நாம் அரசியலால் எந்தத் திருவனந்தபுரத்தை விட்டுப் பிரிந்தோமோ, 1979-ல் ரயில் அதே திருவனந்தபுரத்தோடு நம்மைச் சேர்த்துவிட்டது. நாகர்கோவில்–திருநெல்வேலி பாதை 1981 ஏப்ரல் 8-ல்தான் வந்தது. வந்தும் என்ன, நம்முடையது அகலப்பாதை, திருநெல்வேலிக்கு அந்தப்பக்கம் மீட்டர்கேஜ். மதுரைக்கோ சென்னைக்கோ போக அங்கே பெட்டி படுக்கையோடு இறங்கி வண்டி மாற வேண்டும். 1990-களில் அங்கேயும் அகலப்பாதை ஆனபிறகுதான் நேராகப் போக முடிந்தது. இந்த இடைவெளியில் ஒரு தலைமுறை வேலைக்கும் வைத்தியத்துக்கும் படிப்புக்கும் திருவனந்தபுரத்தைப் பார்த்தே வளர்ந்துவிட்டது. பாதை திறந்து ஆறு மாதம் ஆகும் முன்னே, 1979 அக்டோபர் 2-ல், ரயில்வேயின் மதுரைக் கோட்டத்திலிருந்து திருவனந்தபுரம் கோட்டத்தைப் பிரித்தார்கள், நம்முடைய பாதையும் அங்கே போனது. குமரியை மதுரைக் கோட்டத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சிலும் நாகர்கோவில் ஜங்ஷனும் கன்னியாகுமரியும்தான் வருகின்றன. பள்ளியாடி, வீராணி ஆளூர், குழித்துறை மேற்கு, தோவாளை என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை.

"பத்துப் பேர் ஏறுகிற ஸ்டேஷனுக்கு என்ன வரலாறு?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். வண்டி நிற்காவிட்டால் ஆள் எப்படி ஏறும்? 2020 மார்ச்சில் கொரோனாவால் பாசஞ்சர்கள் நின்றன. திரும்ப ஓடியபோது ஸ்பெஷல் என்று பெயர் வைத்துக் குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ஆக்கினார்கள். 2024 பிப்ரவரியில்தான் பழையபடி 10 ஆனது. இடைப்பட்ட காலத்தில் கொத்தனார்கள் பைக் வாங்கக் கடன் எடுத்தார்கள், பிள்ளைகள் ஹாஸ்டலில் சேர்ந்தார்கள். பழக்கம் விட்டுப்போன ஆள் திரும்ப வருவது கஷ்டம். ஆள் குறைவு என்ற கணக்கை மட்டும் பார்த்து ஊரை எடை போடுவது நியாயமில்லை. நிலம் கொடுத்தபோது ஆள் குறைவு என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது ஏன் இந்த அவசரம் என்றால், திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இரட்டைப் பாதை வேலை நடந்துகொண்டிருக்கிறது. வேண்டியதுதான், ஒற்றைப் பாதையில் கிராசிங்குக்குக் காத்துக் கிடந்த நேரம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இரண்டாவது பாதை வரும்போது பழைய சரிவுகள் மறுபடி வெட்டப்படும், பழைய கலுங்குகள் மாறும், எல்லைக் கற்கள் பிடுங்கப்படும். முதல் பாதைக்கு நிலம் கொடுத்தவர்களில் அன்று முப்பது வயதில் இருந்தவர்களுக்கு இன்று எண்பதுக்கு மேல். அவர்கள் வாயிலிருந்து கேட்க நமக்கு இருப்பது சில வருஷம்தான்.

நான் தொடங்கிவிட்டேன். வீடு வீடாகப் போய்க் கேட்கிறேன், சம்மதித்தால் போனில் பதிவு செய்கிறேன். பள்ளியாடி, இரணியல், குழித்துறை, ஆளூர் பக்கம் உள்ளவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். நில எடுப்பு நோட்டீஸ், மரக்கணக்கு, கோர்ட்டுத் தீர்ப்பு நகல், பழைய சீசன் டிக்கெட், அட்டை டிக்கெட், ஸ்டேஷனில் எடுத்த கல்யாணப் போட்டோ, எது இருந்தாலும் படம் எடுத்து உள்பெட்டியில் அனுப்புங்கள். அசலை யாருக்கும் கொடுக்க வேண்டாம், எனக்கும் வேண்டாம். மண் சுமந்த வேலைக்குப் போன அம்மாமார் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அவர்கள் கூலி என்ன வாங்கினார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. 1956-க்கு முந்தைய பிரமாணங்கள், அதாவது நிலப் பத்திரங்கள், பலதும் மலையாளத்தில் இருக்கின்றன, பாதை போன சர்வே நம்பர்கள் அதற்கு முன்னால் யாரிடம் இருந்தன என்று அதில்தான் தெரியும். பழைய கையெழுத்து மலையாளம் வாசிக்கத் தெரிந்த ரெண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட வந்தால் பெரிய உதவி.