பானையை யாரும் நெய்வதில்லை

கும்பகோணத்தில் பதினோரு ஆண்டுகளாக மாலை நேரங்களில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். போன வாரம் இறுதியாண்டு மாணவி ஒருவர், வேலைக்கு விண்ணப்பிக்கத் தாமே எழுதிய கடிதத்தை எடுத்துவந்து காட்டினார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் மூன்றாவது வரியில், 'ஐ ஆம் நொட்டோரியஸ் ஃபார் மை ஹார்ட் வொர்க்' என்று இருந்தது. "இந்தச் சொல் எங்கேம்மா கிடைத்தது?" என்று கேட்டேன். நாளுக்குப் பத்துச் சொல் அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கிடைத்ததாகவும், அதற்கு நேரே 'பெயர்பெற்ற' என்று பொருள் போட்டிருந்ததாகவும் சொன்னார்.

அந்தப் பொருளை முற்றிலும் தவறு என்று தள்ளிவிட முடியாது. நாமும் 'பெயர்பெற்ற ரவுடி' என்கிறோம், 'பெயர்பெற்ற வித்துவான்' என்றும் சொல்கிறோம். தமிழில் அந்த ஒரு சொல் இருவருக்கும் பொதுவாக நிற்கிறது. ஆங்கிலத்தில் நொட்டோரியஸ் என்பது ரவுடியின் பக்கம் மட்டுமே நிற்கும். இந்தச் செய்தியை அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் நாள் தவறாமல் படித்தவர், எழுதிப் பார்த்தவர். பிழை அவருடையது அல்ல, சொல்லையும் பொருளையும் எதிரெதிரே எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லும் நம் பழக்கத்தினுடையது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதில் எனக்கு வருத்தம் தருவது என்னவென்றால், சரியான வழி நம் தமிழ் வகுப்பிலேயே இருக்கிறது. பள்ளியில் வினைமரபு என்று ஒரு பாடம் படித்தோம் அல்லவா? பானை வனைந்தார்கள், கூடை முடைந்தார்கள், ஆடை நெய்தார்கள், சுவர் எழுப்பினார்கள். நான்குமே 'செய்தல்' தான். ஆனாலும் பானையை யாரும் நெய்வதில்லை, கூடையை யாரும் வனைவதில்லை. ஒரு சொல்லுக்குப் பொருள் இருப்பது போலவே உற்றார் உறவும் உண்டு என்பதைப் பத்து வயதிலேயே கற்றுக்கொண்ட நாம், ஆங்கிலச் சொல்லை எடுக்கும்போது மட்டும் அதை உறவற்ற அநாதையாக எடுத்துவந்து பட்டியலில் நிறுத்திவிடுகிறோம்.

'தணி' என்ற நம் சொல்லையே பாருங்கள். தாகம் தணிகிறது, கோபம் தணிகிறது, வலி தணிகிறது, அச்சம் தணிகிறது, புயலின் வேகமும் தணிகிறது. இத்தனைக்கும் நமக்கு ஒரே வினை போதும். ஆங்கிலத்திலோ தாகத்துக்குக் க்வென்ச், வலிக்கு அலீவியேட், அச்சத்துக்கு அலே, கோபம் கொண்டவரைத் தணிப்பதற்கு அப்பீஸ், புயல் தானே தணிவதற்கு அபேட் என்று ஒவ்வொன்றும் தனித்தனி வீட்டில் குடியிருக்கிறது. மிட்டிகேட் என்பதற்கும் அகராதியில் 'தணித்தல்' என்றே இருக்கும். அதை மட்டும் நம்பிய மாணவர் 'வாட்டர் மிட்டிகேட்ஸ் தர்ஸ்ட்' என்று எழுதத்தான் செய்வார். மிட்டிகேட் தேடிப்போவது பாதிப்பை, இழப்பை, இடர்ப்பாட்டை. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த இரவை மறக்காத டெல்டாப் பிள்ளைகளுக்கு நான் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிக்கொடுக்கிறேன்: 'மாங்குரோவ்ஸ் மிட்டிகேட் தி டேமேஜ் காஸ்டு பை சைக்ளோன்ஸ்.' முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்த்த பிள்ளைக்கு அதன்பிறகு அந்தச் சொல் மறப்பதில்லை. எதனோடு சேரும் என்பதும் கூடவே வந்துவிடுகிறது.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்ற ஆசிரியர், அங்கே மாணவர்கள் படும் பாட்டைப் பார்த்து, சொல் வாக்கியத்தில் எப்படி நிற்கும் என்பதையே மையமாக வைத்து ஓர் அகராதியைத் தொகுத்தார். 1942இல் டோக்கியோவில் வெளிவந்த அந்த நூலைத்தான் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. இன்று நம் பிள்ளைகள் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதிக்கு அதுவே மூலம். ஒரு சொல்லை அது சேரும் கூட்டத்தைக் கொண்டே அறியலாம் என்று 1957இல் மொழியியலாளர் ஃபர்த் எழுதினார். ஆங்கிலம் கற்போருக்காக 1987இல் வந்த கோபில்ட் அகராதி பொருளையே முழு வாக்கியமாகத் தந்தது. தமிழிலும் 1992இல் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு வந்தபோது எத்தனை பேருக்கு அது கண்ணைத் திறந்தது! இவ்வளவுக்குப் பிறகும் நாம் இரண்டு கட்டம் போட்ட பட்டியலையே பிடித்துக்கொண்டிருப்பது நியாயமா?

தேர்வுக்குப் பட்டியல்தானே உதவும் என்று பெற்றோர் சொல்கிறார்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பட்டியல் மனப்பாடத்துக்குப் பேர்போன, வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.ஈ. தேர்விலேயே 2011இல் எதிர்ச்சொல் கேள்விகளையும் சொல்லிணைக் கேள்விகளையும் எடுத்துவிட்டு, வாக்கியத்தில் பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளை வைத்துவிட்டார்கள். அங்கும் உறவு தெரிந்தவருக்கே மதிப்பெண் கிடைக்கும்.

சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் சிறு சொற்களும் அப்படியே. நாம் 'எனக்குப் பிடிக்கும்' என்போமே தவிர 'நான் பிடிக்கும்' என்று சொல்லமாட்டோம். வேற்றுமை உருபு வினையோடு சேர்ந்தே நாக்கில் வருகிறது. 'உகந்த' என்று பொருள்படும் கண்டூசிவ் என்றால் பின்னாலேயே 'டு' வரவேண்டும். 'ஏதோ ஒன்று அறவே இல்லாத' என்று பொருள்படும் டிவாய்டு என்றால் 'ஆஃப்' வராமல் அந்தச் சொல் நிற்கவே நிற்காது. 'எ டிவாய்டு ரூம்' என்று ஆங்கிலத்தில் ஓர் அறை கிடையாது. ஆகவே 'டிவாய்டு ஆஃப்' என்றே ஒரே சொல்லாக எழுதிப் படியுங்கள். இடமறிந்து பயன்படுத்துவதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை: அம்மாவிடம் பசிக்கிறது என்போம், உணவு அருந்தும் விழைவு எழுந்தது என்று சொல்லமாட்டோம், நண்பருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் 'ஸ்டார்ட்' என்பதற்குப் பதில் 'கமென்ஸ்' போடுவதும் அதே போன்றதுதான்.

என் மாணவர்களிடம் நான் கேட்பது வாரத்துக்கு ஐந்தே சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முழுப் பக்கம். அந்தச் சொல்லை முதன்முதலில் எந்த வாக்கியத்தில் பார்த்தார்களோ, செய்தித்தாளோ பாடநூலோ, அதை அப்படியே மேலே எழுதவேண்டும். அதனோடு சேரும் சொற்களை மாணவர் அகராதியில் பார்த்துக் குறைந்தது மூன்று எழுதவேண்டும். அதன்கீழே தம் வாழ்க்கையில் உண்மையாக நடந்த ஒன்றை வைத்து ஒரு வாக்கியம். புனைந்து எழுதியதை நான் ஏற்பதில்லை. ஏனென்றால் 'தி கிங் வாஸ் பெனிவலன்ட்' என்று பார்க்காத ராஜாவைப் பற்றி எழுதும் பிள்ளை மறுநாளே அந்தச் சொல்லை மறந்துவிடுவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். மறுநாள் ஒருமுறை, மறுவாரம் ஒருமுறை, மறுமாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் புரட்டவேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 250 சொற்கள் வரும். குறைவு என்பார்கள். பட்டியலில் 3,000 சொற்களை முடித்துவிட்டு நேர்முகத் தேர்வில் 'வெரி வெரி குட்' என்பதைத் தாண்டமுடியாமல் கண்கலங்கி நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ரிலக்டன்ட் என்ற சொல்லுக்கு, சுவாமிமலைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவர் சென்ற மாதம் இப்படி எழுதியிருந்தார்: 'மை கிராண்ட்மதர் வாஸ் ரிலக்டன்ட் டு லீவ் தி டைல்டு ஹவுஸ், சோ வீ டிலேய்டு தி ஷிஃப்டிங் பை டூ மன்த்ஸ்.' ஓட்டு வீட்டை விட்டு வர மனமில்லாத பாட்டி அந்த ஒரு சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். பின்னால் வரும் 'டு' சரியாக இருந்தது. பாட்டி இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். புதிய வீட்டின் திண்ணையில்தான், ஆனாலும் தினமும் காலையில் பழைய வீட்டுக்குப் போய் வாசல் தெளித்துவிட்டு வருகிறார் என்றார். அதையும் அடுத்த வாக்கியமாக எழுதச் சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.