பொம்மை வருவதற்கு முன்பே அணைத்துவிட்டீர்கள்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பின் பொது அறையில் நான் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டிய நிகழ்ச்சியை, ஒரு பையன் அழுததும் சிலர் அணைத்துவிட்டதை உங்களில் பலர் அறிவீர்கள். அதன் பிறகு வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றி எழுதப்பட்டதையும் படித்திருப்பீர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். "பேய்ப் படம் போட்டுப் பிள்ளைகளை அழவைத்தவர்" என்று இன்று காலை ஒருவர் என்னைக் குறிப்பிட்டதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

அது பேய்ப் படம் இல்லை. 'அட்வெஞ்சர் டைம்' என்ற கார்ட்டூன். பென்டில்டன் வார்ட் என்பவர் உருவாக்கியது. 2010 ஏப்ரலில் அமெரிக்காவில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கி 2018 செப்டம்பரில் முடிந்த தொடர். நீங்கள் பாதியில் நிறுத்தியது நான்காவது சீசனில், 2012இல் வந்த அத்தியாயம். பாதி என்றுகூடச் சொல்ல முடியாது. மொத்தமே 11 நிமிடம். ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி அணைத்தபோது மீதி இருந்தது ஒரே ஒரு காட்சி.

அந்தக் காட்சியில் என்ன இருக்கிறது என்று அணைத்தவர்கள் யாரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். இடிந்து கிடக்கும் நகரத் தெரு. ஒரு சிறுமி தன்னந்தனியாக உட்கார்ந்து அழுகிறாள். கண்ணாடி அணிந்த ஒரு மனிதர் அவளைப் பார்க்கிறார், அருகில் வருகிறார், கண்ணீரைத் துடைக்கிறார். எங்கிருந்தோ ஒரு பொம்மையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்கிறார். அவ்வளவுதான்.

பிள்ளைகள் அழுகையைப் பார்த்தார்கள். ஆறுதலைப் பார்க்க நீங்கள் விடவில்லை. என் கோபம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் துயரத்தைக் காட்டலாம். துயரத்தின் நடுவில் கொண்டுபோய் விட்டுவிட்டு விளக்கை அணைப்பதுதான் கூடாது. அதைச் செய்தது நான் இல்லை.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃபின் என்ற பன்னிரண்டு வயதுப் பையன், ஜேக் என்ற மாயநாய். நினைத்தபடி உடம்பை நீட்டவும் சுருக்கவும் தெரிந்த நாய். இருவரும் ஊ என்ற விநோத நாட்டில் சாகசம் செய்கிறார்கள். அங்கே ஐஸ் கிங் என்றொரு கிழவர் இருக்கிறார். நீல நிற உடம்பு, நீளமான வெள்ளைத் தாடி, தலையில் கிரீடம். இளவரசிகளைக் கடத்திக்கொண்டு போய்ப் பனிச்சிறையில் அடைப்பார், ஃபின் வந்து உதைத்து மீட்பான். முதல் சீசனில் அவர் வரும் கதைகள் பெரும்பாலும் இதுதான். எங்கள் பிள்ளைகள் வாராவாரம் இதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அப்போது எந்தப் பெற்றோரும் என்னிடம் புகார் சொல்லவில்லை. கிழவரை உதைத்தால் சிரிக்கலாம், கிழவர் அழுதால் பார்க்கக் கூடாது. இந்த நியாயம் எனக்குப் புரியவே இல்லை.

பிறகு 2011 டிசம்பரில் இரண்டு பகுதிகளாக ஒரு கிறிஸ்துமஸ் கதை வருகிறது. ஃபினும் ஜேக்கும் ஐஸ் கிங் ஒளித்துவைத்த பழைய வீடியோ நாடாக்களைப் போட்டுப் பார்க்கிறார்கள். கடைசி நாடாவில் சைமன் பெட்ரிகோவ் என்ற சாதாரண மனிதர் பேசுகிறார். பழம்பொருள் ஆராய்ச்சியாளர். ஒரு பழைய கிரீடத்தை விலைக்கு வாங்கி வந்திருக்கிறார். தனக்குத் திருமணம் நிச்சயமான பெட்டி (Betty) என்ற பெண்ணைச் சிரிக்க வைப்பதற்காக அதை விளையாட்டாகத் தலையில் வைக்கிறார். வைத்த கணத்திலிருந்து என்னென்னவோ தோற்றங்கள், கூச்சல். தெளிந்தபோது பெட்டி அவரை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதன்பின் அவளை அவர் பார்க்கவே இல்லை. நாளாக ஆக உடம்பு குளிர்கிறது, தோல் நீலமாகிறது, புத்தி கலைகிறது, கடைசியில் ஐஸ் கிங்காகவே ஆகிவிடுகிறார். பெட்டியை அவர் 'இளவரசி' என்றுதான் அழைப்பாராம்.

இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கிழவர் ஏன் இளவரசிகளையே கடத்திக்கொண்டிருந்தார் என்பதற்கு அதுவரை நாங்கள் காரணம் தேடவில்லை. வில்லன் என்றால் கடத்துவான், அவ்வளவுதான் என்று விட்டிருந்தோம். அவர் யாரைத் தேடுகிறார் என்பதுகூட அவருக்கே மறந்துபோய், தேடும் பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சிரித்த அத்தியாயங்கள் எல்லாம் ஒரே இரவில் வேறாகிவிட்டன.

அதற்கு அடுத்த ஆண்டு வந்ததுதான் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நிறுத்திய கதை. தொடரின் கதைக் கலைஞர்களில் ஒருவரான ரெபெக்கா ஷுகர் இதற்காகப் பாடல் எழுதியிருக்கிறார். உலகமே அழிந்த பெரும் போருக்குப் பிறகு சைமன் காப்பாற்றி வளர்த்த சிறுமி மார்சலீன். ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அவள் உயிரோடு இருக்கிறாள். அவரும் இருக்கிறார், ஆனால் அவளை அவருக்கு நினைவில்லை. பாட்டு எழுத உதவி கேட்டு அவள் வீட்டுக்கே வருகிறார். கையில் கொண்டுவந்த பழைய காகிதங்களின் பின்புறத்தில், புத்தி முழுதாகக் கலங்குவதற்கு முன் அவளுக்கு அவரே எழுதிவைத்த வரிகள். இந்த மாயம் என்னை உயிரோடு வைத்திருக்கிறது, ஆனால் பைத்தியமாக்குகிறது, உன்னை நினைவில்லாதபோது நான் என்ன செய்தாலும் மன்னித்துவிடு என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அவள் அழுதுகொண்டே அதைப் பாடுகிறாள். அவரும் சேர்ந்து பாடுகிறார், அது தன்னுடைய கடிதம் என்று தெரியாமலேயே. அந்தக் கிழவருக்குக் குரல் கொடுத்த டாம் கென்னி, அத்தனை ஆண்டுகள் நம்மைச் சிரிக்க வைத்த அதே குரலில்தான் இதையும் பாடுகிறார்.

இந்த இடத்தில்தான் அறையில் ஒரு பையன் அழுதான். உடனே அணைத்துவிட்டார்கள்.

"முதலில் சிரிக்க வைத்துவிட்டுப் பிறகு இப்படித் திருப்புவது பிள்ளைகளை ஏமாற்றுவது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏமாற்று எங்கே வந்தது? முதல் அத்தியாயத்திலிருந்தே தொடக்கக் காட்சியைப் பாருங்கள். பாழ்நிலம், உடைந்த பொருட்கள், வெடிக்காத குண்டு எல்லாம் அங்கேயே கிடக்கின்றன. மிட்டாய் நிறங்களுக்கு அடியில் இறந்துபோன ஓர் உலகம் இருக்கிறது என்று அவர்கள் மறைக்கவே இல்லை. பொறுமையாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். 2010இல் ஏழு வயதில் பார்க்கத் தொடங்கிய குழந்தை 2018இல் பதினைந்து வயதுப் பிள்ளை. தொடரும் அதனுடனே நடந்தது. ஃபினும் தொடரில் பன்னிரண்டிலிருந்து பதினேழு வயதாகிறான். அவனுக்குக் குரல் கொடுத்த ஜெரமி ஷாடா அப்போது சிறுவன்தான். அவனுக்குக் குரல் உடைந்தபோது வேறு ஆளைத் தேடவில்லை, ஃபினுக்கும் குரல் உடைந்துவிட்டது. பையன் வளர்ந்தால் குரல் மாறும், தந்தை என்று நம்பியவர் கைவிட்டுப் போகலாம், அவரைத் தடுக்கப் போய்க் கையையே இழக்கலாம். ஃபினுக்கு இவை எல்லாம் நடக்கின்றன. அவன் எழுந்து நடக்கிறான், அடுத்த வாரம் மீண்டும் சிரிக்கவும் செய்கிறான்.

"அமெரிக்காவிலேயே இதைப் பெற்றோர் துணையோடு பார்க்க வேண்டிய வகையில்தான் வைத்திருக்கிறார்கள், தெரியுமா?" என்று கேட்டவருக்கு: தெரியும். அதனால்தான் நான் நாற்காலியில் உட்காராமல் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கதவருகில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

"ஏற்கெனவே பள்ளி, டியூஷன் என்று பிள்ளைகளுக்கு ஆயிரம் அழுத்தம். கார்ட்டூனிலாவது சிரிக்கட்டுமே" என்று ஒரு தாய் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன், உண்மையாகவே மதிக்கிறேன். சிரிக்கட்டும். யார் தடுத்தது? ஆனால் சிரிப்பு மட்டுமே தெரிந்த பிள்ளை வீட்டுக்குள் அழுகை வரும் நாளில் என்ன செய்யும் அம்மா? வராமல் இருக்கப்போவதில்லையே. என் வீட்டுக்கு வந்தது.

என் அப்பாவுக்கு மறதி நோய் முற்றியிருந்த காலம் அது. மூக்குக்கண்ணாடியை அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டு வீடு முழுக்கத் தேடுவார். ஒரே செய்தித்தாளை மடிப்பார், பிரிப்பார், மீண்டும் மடிப்பார். ஓரம் சரியாக ஒட்டவில்லையென்றால் கண் கலங்கிவிடும். என் மகளை, சிறு வயதில் இறந்துபோன தன் தங்கையின் பெயரைச் சொல்லி, "ராஜம்" என்று கூப்பிடுவார். அவளுக்குக் கோபம் வரும். "நான் ராஜம் இல்லை" என்று கத்துவாள். வந்துபோகும் உறவினர்கள் எல்லோரும் அவளிடம் சொன்னது ஒன்றுதான்: தாத்தா உன்னோடு விளையாடுகிறார் கண்ணு. பாவம், அவள் அதை நம்பிவிட்டாள். அவர் வேண்டுமென்றே தன்னைச் சீண்டுகிறார் என்று நினைத்து அவர் அறைப் பக்கமே போகாமல் இருந்தாள்.

நான் மருத்துவர் சொன்ன எல்லாவற்றையும் அவளுக்குப் புரியும்படி சொல்லிப் பார்த்தேன். மூளை, நரம்பு, நோய். தலையாட்டுவாள். மறுநாள் மீண்டும் சண்டை. பிறகு இந்தத் தொடரை இருவரும் சேர்ந்து பார்த்து, இந்த அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தோம். முடிந்ததும் அவள் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் விளக்கவில்லை. அன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் அப்பா வழக்கம்போல "ராஜம்" என்று கூப்பிட்டார். "என்ன அண்ணா?" என்று கேட்டுக்கொண்டே அவள் எழுந்து போனாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்றார், கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இந்த 11 நிமிடக் கார்ட்டூன் செய்ததை எங்கள் உறவினர் கூட்டம் முழுவதும் சேர்ந்து செய்யவில்லை. இதற்குத்தான் நீங்கள் பேய்ப் படம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். 2014ஆம் ஆண்டின் பணிக்காக இந்தத் தொடருக்கு ஒளிபரப்புத் துறையின் புகழ்பெற்ற பீபாடி விருது கொடுத்தார்கள் என்று எழுதினால் உங்களில் சிலர் ஒருவேளை மனம் மாறலாம். விருதுக்காக மாற வேண்டாம். பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள், போதும்.

இன்னும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லக் கூடாது என்று எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன். அப்பாவை மாலையில் கீழே நடக்க அழைத்துப் போவேன். லிஃப்ட் கதவு திறந்து அவர் நிற்பதைப் பார்த்ததும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியில் இறங்கிப் போனவர்கள் இதே குடியிருப்பில் இருக்கிறீர்கள். "குழந்தை பயந்துவிடும்" என்று என் காதுபடச் சொன்னீர்கள். அப்பா இறந்த அன்றும் பிள்ளைகளை எல்லாம் மொட்டை மாடிக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினீர்கள், என் மகளையும் சேர்த்து. அவளைக் கூட்டிவரச் சொல்லி நான் இரண்டு முறை ஆளனுப்ப வேண்டியிருந்தது. நோயாளியைக் காட்டக் கூடாது, இறந்தவரைக் காட்டக் கூடாது, அழுகிறவரைக் காட்டக் கூடாது. இப்போது அழுகிற கார்ட்டூனையும் காட்டக் கூடாது. உங்களுக்குப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்று நேராகச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அதைப் பிள்ளைகள் பெயரில் சொல்லாதீர்கள்.

அந்தப் பையனின் அழுகையைப் பற்றித்தானே இத்தனை பேச்சும்? மறுநாள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவனே என்னிடம் வந்தான். பயமாக இருந்ததா என்று கேட்டேன். இல்லை என்றான். தன் சைக்கிள் சங்கிலி கழன்றபோதெல்லாம் மாட்டிக்கொடுத்த தாத்தா ஒரு நாள் தன்னையே "யாரப்பா நீ?" என்று கேட்டாராம், அது நினைவுக்கு வந்ததாம். என் அப்பாவைத்தான் சொல்கிறான். இத்தனை காலமும் அந்தப் பிள்ளை இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் இருந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அழுதான். அழுதவனை ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை, தொலைக்காட்சியைத்தான் அணைத்தார்கள். பிறகு என்ன ஆனது என்று கேட்டான். சிறுமிக்குப் பொம்மை கிடைத்த கதையை அங்கேயே நின்று சொன்னேன்.

இனிமேல் "சிரிப்பு நிகழ்ச்சிகள் மட்டும்" போடுவதாக எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று சங்கத்திலிருந்து ஒரு தாள் அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட மாட்டேன். பொது அறையின் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டேன். ஞாயிறு நிகழ்ச்சியை யார் வேண்டுமானாலும் நடத்திக்கொள்ளலாம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு என் வீட்டில் அந்த அத்தியாயம் முதலிலிருந்து கடைசிவரை ஓடும். சைமன் காய்ச்சலில் கிடக்கும் சிறுமிக்காகக் கோழி சூப் தேடி அலையும், பின்னால் வரும் கதையையும் போடுவேன். பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டுப் போய்விடாதீர்கள். கூடவே வந்து உட்காருங்கள்.