வராத தண்ணீருக்குப் பங்கு

அமெரிக்காவின் கொலராடோ ஆறு வற்றுவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே மழையில்லை, வெயில் கூடிப்போச்சு என்று ஆரம்பிக்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் பங்கு பிரித்த அன்றே கணக்கு பிசகிவிட்டது.

1922 நவம்பரில் ஏழு அமெரிக்க மாநிலங்களின் பிரதிநிதிகள் அன்றைய வணிக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் சாண்டா ஃபே நகருக்கு அருகே கூடி, ஆற்று நீரைப் பங்கிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஆற்றின் மேல்பகுதி மாநிலங்களான மேல் படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்ப்பகுதி மாநிலங்களான கீழ்ப் படுகைக்கும் அதே அளவு. (ஒரு ஏக்கர் அடி என்பது ஏறக்குறைய 12.3 லட்சம் லிட்டர்.) 1944இல் மெக்சிகோவுக்கு இன்னொரு 15 லட்சம். ஆக 1.65 கோடி. அவர்கள் நம்பிய நீரோட்டக் கணக்கோ, மழை தாராளமாகப் பெய்த ஆண்டுகளுடையது. 2000க்குப் பிறகு ஆற்றில் வருவது சராசரியாக 1.25 கோடியைத் தொட்டாலே அதிகம்.

தெரியாமல் நடந்த தவறா? எனக்கு நம்பிக்கையில்லை. ஆற்றில் அவ்வளவு தண்ணீர் கிடையாது என்று நீரியலாளர் லாரூ அந்தக் காலத்திலேயே எச்சரித்தார். அதற்கும் முன்னால், 1893இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த பாசன மாநாட்டில், இந்த ஆற்றை ஆராய்ந்த ஜான் வெஸ்லி பவல், இந்த நிலங்களுக்குப் பாய்ச்சத் தண்ணீர் போதாது, வழக்கும் சண்டையும்தான் மிஞ்சும் என்றார். கூட்டம் கூச்சல் போட்டது.

சரி, தண்ணீர் எங்கே போகிறது? லாஸ் வேகாஸின் நீரூற்றுகளைத் திட்டுவது சுலபம். ஆனால் நெவாடா மாநிலத்தின் மொத்தப் பங்கே 3 லட்சம் ஏக்கர் அடிதான். கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பாசன மாவட்டம் என்ற, வயல்களுக்குத் தண்ணீர் தரும் அமைப்பு ஒன்றுக்கு மட்டும் 31 லட்சம்! பாலைவனத்தில் மாட்டுத் தீவனத்துக்குக் குதிரைமசால் வளர்க்கிறார்கள்.

அதற்காக விவசாயியை வில்லனாக்கவும் மனம் வரவில்லை. முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை என்பது தங்கம் தோண்ட வந்தவர்கள் கொண்டுவந்த வழக்கம், பின்னால் சட்டமானது. பயன்படுத்தாமல் விட்டால் அந்த உரிமை பறிபோகலாம். மிச்சம் பிடித்தால் நஷ்டம் என்றிருக்கும்போது யார் மடையை அடைப்பார்கள்?

எனக்கு ஆறாத விஷயம் பழங்குடிகளுடையது. பழங்குடிகளுக்கென்று அரசு விட்ட காப்புநிலத்தை ஒதுக்கியபோதே அதற்கான தண்ணீரும் ஒதுக்கப்பட்டதாகத்தான் கொள்ள வேண்டும் என்று 1908லேயே உச்ச நீதிமன்றம் வின்டர்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. அப்படியும் 1922இல் அவர்களை யாரும் கூப்பிடவில்லை. முன்னால் வந்தவருக்கே முன்னுரிமை என்றால் வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர்கள் அவர்கள்தானே? 2023இல் நவாஹோ பழங்குடி மக்கள் தொடுத்த வழக்கில், 1868 உடன்படிக்கைப்படி அவர்களுக்குத் தண்ணீருக்கு வழிசெய்யும் கடமை அரசுக்கு இல்லை என்று 5-4 கணக்கில் தீர்ப்பாகிவிட்டது. அங்கே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லை.

2007இல் போட்ட பகிர்வு விதிகளுக்கு 2026தான் கெடு. அடுத்த கணக்கையாவது இந்த வீடுகளிலிருந்து தொடங்கட்டும், தீவன வயல் அப்புறம்.