அந்தப் பழுப்புச் சாயத்த முதல்ல கீழ வைங்க!

இலங்கை மலையகத்துச் சித்திரக்கதை எதை எடுத்தாலும் பாட்டி லயத்து இஸ்தோப்புல (தோட்டத்து வரிசை வீட்டுத் திண்ணையில) குந்திக்கிட்டு மலையப் பார்க்குது. அடுத்த கட்டத்துல ‘பல வருடங்களுக்கு முன்பு...’. பிறகு ஐந்து பக்கத்துக்கு ஒரே பழுப்பு. மொத்தக் கதையே எட்டுப் பக்கம்தானே ஐயா! ஒன்றரைப் பக்கத்துக்கு மேல பிளாஷ்பேக் போனா, நிகழ்காலத்துல என்ன நடந்துக்கிட்டிருந்திச்சுன்னே வாசிக்கிறவருக்கு மறந்து போகும்.

பாட்டிக்கு அது ஏன் இந்த நிமிஷம் ஞாபகம் வரணும்? அதைக் காட்டாம எப்படி உள்ளே போறீங்க? மகள் கொழுந்துச் சாக்கைத் தலையில மாட்டுறாளா, கயிறு நெற்றிய அழுத்துற அந்தக் கட்டத்தோட மூணாம் பக்கத்த முடிங்க. தாளைப் புரட்டினதும் நாலாம் பக்கத்து முதல் கட்டம்: அதே கோணம், அதே அளவு, அதே குனிஞ்ச தலை, ஆனா முதுகில மூங்கில் கூடை. காலம் மாறினது விளங்கிரும், ‘முன்பு’ன்னு எழுதவே வேணாம். இதையே ரெண்டாம் பக்கக் கடைசியில வச்சீங்கன்னா வீண். எதிர்ல இருக்கிற மூணாம் பக்கத்தைக் கண்ணு ஏற்கெனவே பார்த்திருக்கும்.

பழுப்பு போட்டோகொப்பியில சாம்பலாத்தான் விழும். நீங்க வரையிற பனிமூட்டமும் சாம்பல். எது நேற்று, எது இன்று? நிறத்தை நம்பாதீங்க, கோட்டை நம்புங்க. இன்றைய கட்டங்களுக்கு ஸ்கேல் வச்சு 0.5 பேனாவுல கோடு. பழசுக்குக் கையால இழுத்த 0.2. வேணும்னா கட்டங்களுக்கு இடையிலான வெள்ளையக் கறுப்பாக்கலாம். ஆனா தொடங்கின அடையாளத்தைப் பாதியில மாத்தாதீங்க.

இதைவிட வயிறு எரியிறது, ஞாபகம் யாருடையதுன்னே யோசிக்காம வரையிறது. ஹட்டன் ஸ்டேஷன்ல அழுதுக்கிட்டு நின்ன ஆறு வயசுப் பிள்ளையோட நினைவுன்னா கண்மட்டம் பெரியவங்க இடுப்பு உயரத்துலதான்: தகரப்பெட்டி, சேலை முந்தானை, கோச்சிப் (ரயில்) படி. நீங்களோ மலை உச்சியிலிருந்து கோச்சியக் காட்டுறீங்க! பிள்ளை ஹட்டன்லயே நின்னிருச்சு, கப்பலுக்குள்ள நடந்தது அதுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கப்பலத் தனுஷ்கோடியில வேற கொண்டுபோய் நிறுத்துறீங்க. மலையகச் சனத்துல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்பின சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30. அதே வருஷம் டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சு போச்சு. அந்த ஒப்பந்தத்துல போன சனம் தலைமன்னார்ல ஏறி இராமேஸ்வரத்துல இறங்கிச்சு. நம்ம சனத்தோட வலிய வரையிறவங்க இதைக்கூடப் பார்க்கலன்னா எப்படி?

திரும்பி வர்றதையும் வரையத்தான் வேணும். உள்ளே போகுமுன்ன பாட்டி கையில இருக்கிற பிளேன்டியில ஆவி பறக்கட்டும். வெளியே வரும்போது அதே கோப்பை, அதே கை, ஆவி மட்டும் இருக்கக் கூடாது. அந்த ஆறிப்போன பிளேன்டிய அவ குடிக்கிறாவா, முற்றத்துல ஊத்துறாவா, அதை வரைஞ்சு காட்டுங்க.