மலையாளி என்றால் கேரளமா?

கல்லூரிகளில் மாநில உடை, உணவு, நடனம் என்று நடத்தும் கலாச்சார நாள் மாணவர்களின் மனதை விரிக்கும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நல்ல விஷயம்தான். மாநிலங்களை ஜோடி சேர்த்து ஒன்றின் கலாச்சாரத்தை மற்றொன்று அறியச் செய்ய 2015-ல் அறிவிக்கப்பட்ட 'ஒரே பாரதம் உன்னத பாரதம்' திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஜோடியாக ஜம்மு காஷ்மீரைச் சேர்த்தார்கள். ஆனால் பக்கத்து பெஞ்சில் இருப்பவரை யார் தெரிந்துகொள்வது?

நான் தருமபுரியில் படித்தபோது சித்தேரி மலையிலிருந்து ஒரு பெண் எங்கள் வகுப்பில் இருந்தாள். சாதிச் சான்றிதழில் 'மலையாளி' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, ஓணம் நிகழ்ச்சிக்கு அவளைக் கேரளப் புடவை கட்டச் சொன்னார்கள். அந்த 'மலையாளி' என்பது சித்தேரி மலையில் வாழும் பழங்குடியினரின் பெயர்; அவள் தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகத்தான் அந்த மக்கள் வழிவழியாகச் சொல்வார்கள். அவள் மறுத்துப் பேசவில்லை, கட்டிக்கொண்டு நின்றாள். நாங்களும் கை தட்டினோம். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

அப்புறம் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ஏழு நாள் ஒரு மலைக் கிராமத்தில் தங்கினோம். சாமைச் சோறு சாப்பிட்டு, அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் அவளிடம் கேட்க எத்தனை கேள்விகள் இருந்தன என்றே புரிந்தது.

கிருஷ்ணகிரி பக்கமும் இதே கதைதான். ஓசூர், தளி பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் எத்தனையோ பேர். கல்லூரிகள் முதலில் அவர்களை மேடையேற்றி, அவர்கள் பாட்டி சொன்ன கதையைச் சொல்லச் சொல்லட்டும். வேஷம் போடச் சொல்ல வேண்டாம்.