மார்ஃபின் என்றதும் பயந்தோம்

வீட்டுக்கே வரும் நோய் தணிப்பு சிகிச்சை (தீராத நோயிலும் வலியையும் அவதியையும் குறைப்பது) பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்று. எங்களுக்குக் குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம். அம்மாவுக்கு மார்பகப் புற்று எலும்புவரை பரவிவிட்டது. 'இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்' என்று ஒரு மருத்துவமனையில் அனுப்பிவிட்டார்கள். வலிக்கு வழி சொல்லவில்லை. அப்புறம் திருவனந்தபுரத்தில், கடும் வலியைக் குறைக்கும் மார்ஃபின் மாத்திரை எழுதினார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து. 'போதை மருந்தாச்சே' என்றாள் சித்தி. மறுநாள் அம்மா கஞ்சியும் பயறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கினார்கள், சரி. நாங்கள் ஏன் எல்லை தாண்ட வேண்டியிருந்தது? தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தச் சிகிச்சையும் உண்டு என்பதே எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

கட்டுரையில் விட்டுப்போனது, கூட இருந்து பார்ப்பவர்களின் பாடு. ராத்திரியெல்லாம் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தது மைனி (அண்ணி)தான். அவளிடம் 'மக்களே, நீ சாப்பிட்டியா?' என்று கேட்டது, வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்கா மட்டும்.