அரிப்பு நிற்கும்வரை தினமும் பெர்மெத்ரின் பூச வேண்டுமா?

"சொறிசிரங்குக்குப் பெர்மெத்ரின் கிரீமை அரிக்கும் இடத்தில் மட்டும், அரிப்பு நிற்கும்வரை தினமும் பூசுங்கள், பேனுக்கும் அதே கிரீம் போதும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவுகிறது. இது தவறு.

சொறிசிரங்கை உண்டாக்கும் நுண்ணிய உண்ணி (mite) தோலுக்குள் துளைத்து முட்டையிடுகிறது. அரிக்காத இடத்திலும் அது இருக்கலாம். அதனால் 5 சதவீத கிரீமைக் கழுத்திலிருந்து பாதம்வரை, விரலிடுக்கு, நகத்தடி விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் மறுமுறை தேவைப்படும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் பூசாதீர்கள்.

உண்ணி செத்த பிறகும் அரிப்பு சில வாரங்கள் நீடிக்கலாம், அது உண்ணியால் வந்த ஒவ்வாமை. மருந்து தோற்றுவிட்டதாக எண்ணித் தினமும் பூசினால் தோல்தான் எரிந்து புண்ணாகும். நோய் திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் வேறு: வீட்டிலுள்ள அனைவரும், அரிப்பு இல்லாதவர்களும்கூட, ஒரே நாளில் பூசிக்கொள்ளாததே.

தலைப்பேனுக்கு உரியது 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன். 10 நிமிடத்தில் அலசிவிட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்திலும் மருந்துப் பெட்டியிலுள்ள தாளிலும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.